‘நீ மோடமா?’ – ஒரு மென்பொருள் கேட்கும் கேள்வியைப் பற்றி

கோபியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமா போன ஐப்பசியில் போன் பண்ணினார்.

"மாப்ள, கடைல சரக்கு குறையுது. நாட்டுச் சர்க்கரை, பருப்பு, எல்லாத்துலயும் ரெண்டு கிலோ, மூணு கிலோ. பில்லு சரியா இருக்குது, மூட்டையில இல்ல. நீ போட்டுக் குடுத்த பில் மெஷின்ல யாராச்சும் கை வைக்கிறாங்களான்னு பாக்க முடியுமா?"

"யாரைச் சந்தேகப்படறீங்க மாமா?"

"யாரைச் சொல்றது… பையன் ஒருத்தன்தானே எடை போடறான்."

அந்தப் பையன் அங்கே ஒரு வருஷமாக வேலை பார்க்கிறான். தீபாவளி முடிந்ததும் கணக்கு தீர்த்து அனுப்பிவிடலாம் என்று மாமா முடிவு பண்ணியிருந்தார். பில் போடும் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தது நான். பழைய டெஸ்க்டாப், அதில் லினக்ஸ், நானே எழுதிய சின்ன பில் நிரல், யூஎஸ்பி கேபிளில் ஒரு எலக்ட்ரானிக் தராசு, நெட்டுக்கு ஒரு சிம் போட்ட டாங்கிள். இவ்வளவுதான். கணக்கில் தப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டியது என் நிரலைத்தான் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

கடைக்குப் போனதும் பையனிடம் தனியாகக் கேட்டேன். "அண்ணா, கரண்ட் போயிட்டு வந்தா தராசு தானா சைபர் ஆயிருதுங்க. சர்க்கரை அள்ளிப் போட்டுட்டே இருப்பேன், பாத்தா சைபர்ல இருந்து ஏறுது. முதலாளிகிட்டச் சொன்னேனுங்க, நம்பல" என்றான்.

மாமா நம்பாததற்கும் காரணம் இருந்தது. அவர் நின்று பார்த்தபோதெல்லாம் தராசு ஒழுங்காக இருந்தது.

படிக்கல்லை வைத்துப் பார்த்தது

தராசுக்கு உள்ளேயே பேட்டரி உண்டு, கரண்ட் போனாலும் அது அணையாது. கம்ப்யூட்டரின் யூபிஎஸ் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதனால் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து, வந்ததும் தானாகத் துவங்கும்.

ஒரு கிலோ படிக்கல்லைத் தட்டில் வைத்தேன். 1.000 என்று காட்டியது. கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டேன். திரையில் முதல் பக்கம் வந்து சில விநாடிகளில் தராசு 0.000 என்று மாறியது. ‘டேர்’ என்ற சின்ன விளக்கும் எரிந்தது. பாத்திரத்தின் எடையைக் கழிக்க நாம் அழுத்துவோமே, அந்த டேர் பொத்தானை யாரும் தொடவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதே. யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டுச் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. என் பில் நிரலை ஓடாமல் நிறுத்திவிட்டுச் செய்தேன், மறுபடியும் சைபர்.

கடைசிச் சோதனையில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. தப்பு என் நிரலில் இல்லை. அப்படியென்றால் தராசோடு பேசுவது வேறு யார்?

லினக்ஸில் யூஎஸ்பி மான் என்று ஒரு வசதி இருக்கிறது. யூஎஸ்பி கம்பி வழியாகப் போகும் ஒவ்வொரு பைட்டையும் ஒட்டுக்கேட்கலாம். அதைத் திறந்துவைத்துக்கொண்டு கேபிளைக் கழற்றி மாட்டினேன். கம்ப்யூட்டரிலிருந்து தராசுக்கு மூன்று பைட்டுகள் போயின: 65, 84, 13. மூன்று விநாடி கழித்து மறுபடி 65, 84, 13. பிறகு இன்னொரு முறை. ஆஸ்கி அட்டவணையில் 65 என்பது ‘ஏ’, 84 என்பது ‘டி’, 13 என்பது என்டர். ‘ஏடி’ என்று எழுதி என்டர் தட்டியிருக்கிறது.

தராசின் கையேட்டைத் தேடி எடுத்தேன். கம்ப்யூட்டரிலிருந்து ஒற்றை எழுத்து அனுப்பித் தராசை இயக்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. ‘பி’ வந்தால் எடையை அனுப்பும். ‘இசட்’ வந்தால் பூஜ்யமாக்கும். ‘டி’ வந்தால் டேர். ‘ஏ’ என்ற எழுத்துக்கு அதில் அர்த்தம் இல்லை, அதனால் அதை விட்டுவிட்டது. அடுத்து வந்த ‘டி’யை எடுத்துக்கொண்டது.

அனுப்பியது மோடம் மேனேஜர். கம்ப்யூட்டரின் பதிவேட்டில் அதே நேரத்தில் அதன் பெயரில் ஒரு வரி இருந்தது: இந்தச் சாதனத்தை எந்தச் செருகுநிரலும் ஆதரிக்கவில்லை. அதாவது தராசைப் பிடித்து ‘நீ மோடமா, நீ மோடமா, நீ மோடமா’ என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, பதில் வராததால் ‘மோடம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது. அது கேட்டு முடிப்பதற்குள் தட்டில் இருந்த சர்க்கரை கணக்கிலிருந்து கழிந்துவிட்டது.

மோடம் மேனேஜருக்குச் சேர வேண்டிய பாராட்டு

இந்த இடத்தில் நிறுத்தி, திட்டுவதற்கு முன்னால் அந்த மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விமர்சனம் என்று எழுதினால் அது நியாயமாக இருக்க வேண்டும்.

லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள் வைஃபை, கேபிள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. சிம் போட்ட டாங்கிள், லேப்டாப்புக்குள் இருக்கும் 4ஜி அட்டை போன்றவற்றைப் பார்த்துக்கொள்ள அதற்குத் துணையாக வந்ததுதான் மோடம் மேனேஜர். இது வருவதற்கு முன்னால் டாங்கிளில் நெட் எடுப்பது எப்படி இருந்தது என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். டபிள்யூவி டயல் என்று ஒரு நிரல், அதற்கு ஒரு அமைப்புக் கோப்பு, அதில் எந்தப் போர்ட், என்ன வேகம், எந்த எண்ணுக்கு டயல் பண்ண வேண்டும் என்று கையால் எழுத வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வேலையை மோடம் மேனேஜர் ஏறக்குறைய ஒழித்துவிட்டது. டாங்கிளைச் செருகினால் சிக்னல் கட்டம் தெரிகிறது. உள்ளே நடப்பது சின்ன வேலை இல்லை. ஒரு டாங்கிளைச் செருகினால் பெரும்பாலும் மூன்று நான்கு சீரியல் போர்ட்டுகள் முளைக்கும். ஒன்று கட்டளை வாங்கிக்கொள்ளும், ஒன்று டேட்டாவுக்கு, ஒன்று தயாரிப்பாளரின் சோதனைக்கு, சிலதில் ஒன்று ஜிபிஎஸ்ஸுக்கு. எது எது என்று வெளியே எழுதியிருக்காது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி. அதனால் ஒவ்வொரு போர்ட்டையும் திறந்து, கேட்டுப் பார்த்து, பதிலை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். இதற்கென்று கம்பெனிவாரியாகச் செருகுநிரல்கள் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவையும் சம்பளம் கொடுக்காத நமக்காகச் செய்திருக்கிறார்கள்.

டாங்கிள் என்று தெரிந்த ஒன்றிடம் இப்படிக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. டாங்கிளா என்று தெரியாத ஒன்றிடம் கேட்பதில்தான் சிக்கல்.

1981-இல் பிறந்த கேள்வி

‘ஏடி’ என்பது ‘அட்டென்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். 1981-இல் அமெரிக்காவில் ஹேய்ஸ் என்ற நிறுவனம் ஸ்மார்ட்மோடம் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விநாடிக்கு 300 பிட் வேகம். டேட்டா போகும் அதே கம்பியிலேயே கட்டளையும் போகும்படி செய்ததுதான் அதன் சாமர்த்தியம். ‘ஏடி’ என்று தொடங்கினால் அது கட்டளை. மற்ற மோடம் கம்பெனிகளும் அதையே எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் 4ஜி, 5ஜி மோடம்களுக்குள் இந்த மொழி உயிரோடு இருக்கிறது.

1981-இல் இந்தக் கேள்வி ஆபத்தில்லாதது. ஒரு மனிதர் தன் கையால் ஒரு மோடத்தை ஒரு போர்ட்டில் மாட்டி, அதே போர்ட்டைக் குறிப்பிட்டு நிரலை ஓட்டினார். எதிரில் இருப்பது மோடம் என்று கேட்பவருக்குத் தெரியும். மோடம் மேனேஜர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது, அந்த மனிதரின் அறிவை எடுத்துக்கொள்ளவில்லை. எதிரில் யார் என்று தெரியாமலே, செருகியவுடனே, யாரும் கேட்காமலே கேட்கிறது.

‘சும்மா கேட்டுத்தானே பார்க்கிறோம்’ என்பதுதான் இதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. அது மூன்று இடத்தில் பொய்த்துப்போகிறது.

முதலாவது, போர்ட்டைத் திறப்பதே ஒரு செயல். திறந்தவுடன் டிடிஆர் என்ற சமிக்ஞை மாறும். ஆர்டுவினோ ஊனோ பலகையில் அந்தக் கம்பியை ஒரு மின்தேக்கி வழியாக ரீசெட்டுடன் இணைத்திருக்கிறார்கள், நிரல் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று. யார் திறந்தாலும் பலகை முதலிலிருந்து துவங்கும். ஒரு வார்த்தை பேச வேண்டாம், கதவைத் தொட்டாலே போதும்.

இரண்டாவது, கேட்கிற நேரம் முழுக்கப் போர்ட் தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் வேறு நிரல் திறக்கப்போனால் ‘சாதனம் வேலையாக இருக்கிறது’ என்று பதில் வரும். ஆர்டுவினோ லியனார்டோ பலகையில் புது நிரலை வாங்கிக்கொள்ளும் பூட்லோடர் எட்டு விநாடிதான் விழித்திருக்கும். அந்த எட்டு விநாடியில் மோடம் மேனேஜர் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால், நிரல் ஏறாது. மாணவர் பலகை கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

மூன்றாவதுதான் மாமா கடையில் நடந்தது. ஒருவருக்குக் கேள்வியாக இருப்பது இன்னொருவருக்குக் கட்டளை. முப்பரிமாண அச்சுப்பொறிகளில் இருக்கும் மார்லின் நிரல் நல்ல பிள்ளை. ‘ஏடி’ என்று வந்தால் ‘தெரியாத கட்டளை’ என்று பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். ஒற்றை எழுத்துக்குக் கட்டுப்படும் தராசுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொரு குறை, மோடம் மேனேஜருக்கு ஞாபகம் கிடையாது. நேற்று கேட்டு ‘இது மோடம் இல்லை’ என்று முடிவு செய்த அதே தராசிடம், இன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் அதே கேள்வியை முதலிலிருந்து கேட்கும். கரண்ட் ஒரு நாளைக்கு நாலு தடவை போனால் நாலு தடவை. டாங்கிளை வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தராசு வைத்திருப்பவருக்கு இதுதான் எல்லாமே.

தராசு சொன்ன பொய்

மோடம் மேனேஜரை மட்டும் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. தராசும் ஒரு பொய் சொல்லியிருந்தது.

யூஎஸ்பி சாதனம் ஒவ்வொன்றும் செருகியவுடன் தன்னைப் பற்றி ஒரு அறிமுகச் சீட்டு நீட்டும். நான் இன்ன கம்பெனி, இன்ன மாடல், இன்ன வகை. சீரியல் போர்ட் மாதிரி வேலை செய்யும் சாதனங்களுக்கு யூஎஸ்பி தரத்தில் சிடிசி ஏசிஎம் என்று ஒரு வகை இருக்கிறது. அது மோடம்களுக்காகவே எழுதப்பட்டது. ஆனால் லினக்ஸிலும் மற்ற இயங்குதளங்களிலும் அதற்கான டிரைவர் ஏற்கெனவே இருப்பதால், சின்னச் சின்னக் கருவிகள் செய்கிறவர்கள் எல்லாரும் ‘மோடம்’ என்ற வேஷத்தில் வந்துவிடுகிறார்கள். டிரைவர் எழுதும் செலவு மிச்சம். தராசு, பார்கோடு கருவி, ஆர்டுவினோ எல்லாம் இதே வாசல் வழியாக வருகின்றன.

அந்தச் சீட்டில் இன்னும் ஒரு கட்டம் உண்டு: ‘நான் எந்த மொழி பேசுவேன்’. 0 என்று போட்டால் குறிப்பிட்ட மொழி எதுவும் இல்லை. 1 என்று போட்டால் ‘நான் ஏடி கட்டளை பேசுவேன்’. மைக்ரோகன்ட்ரோலர்களோடு வரும் மாதிரி நிரல்கள் சிலவற்றில் அந்தக் கட்டத்தில் 1 என்றே இருக்கிறது. அதை நகலெடுத்துக் கருவி செய்கிறவர் அந்த ஒரு எண்ணை மாற்றுவதில்லை. மாற்றாவிட்டாலும் எல்லாம் வேலை செய்கிறதே. மாமாவின் தராசிலும் அந்தக் கட்டத்தில் 1 இருந்தது. ‘நான் ஏடி பேசுவேன்’ என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவனிடம் ஏடி பேசியதில் மோடம் மேனேஜரை எவ்வளவு குறை சொல்வது?

சீட்டில் இருக்கும் கம்பெனி எண்ணும் பல நேரம் உதவாது. சீரியலை யூஎஸ்பியாக மாற்றும் சில்லுகள் நாலைந்து வகைதான் உலகம் முழுக்க ஓடுகின்றன. சீட்டில் பெரும்பாலும் சில்லு செய்தவரின் எண்தான் இருக்கும், கருவி செய்தவரின் எண் இருக்காது. ஒரே எண்ணோடு ஜிபிஎஸ் கருவியும் வரும், ஆய்வக மீட்டரும் வரும்.

பழைய நோய்

இது இன்றைய பிரச்சினை மட்டும் இல்லை. 1990-களில் ஐஎஸ்ஏ பலகைகள் இருந்த காலத்தில், ஒரு நெட்வொர்க் அட்டை எந்த முகவரியில் இருக்கிறது என்று லினக்ஸுக்குத் தெரியாது. என்ஈ 2000 போன்ற அட்டைகளைத் தேடி வழக்கமான முகவரிகளில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். அங்கே வேறு ஏதாவது அட்டை இருந்தால் அது குழம்பிப்போகும், சில சமயம் கம்ப்யூட்டரே உறைந்துவிடும். அதற்கு மருந்தாகக் கெர்னலுக்கு ‘ரிசர்வ்’ என்று ஒரு சொல்லைக் கொடுப்பார்கள்: இந்த முகவரியைத் தொடாதே.

விண்டோஸும் இதற்கு விலக்கு இல்லை. ஜிபிஎஸ் கருவியை மாட்டியதும் மவுஸ் அம்பு பேய் பிடித்த மாதிரி திரை முழுக்க ஓடும். சீரியல் மவுஸ் இருக்கிறதா என்று தேடும் விண்டோஸ், ஜிபிஎஸ் அனுப்பும் எழுத்துகளைப் பார்த்து அதைச் சீரியல் பால்பாயிண்ட் என்ற பழைய மவுஸ் என்று முடிவு செய்துவிடும்.

தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டத்தான் பிசிஐ பலகையும் யூஎஸ்பியும் அறிமுகச் சீட்டைக் கொண்டுவந்தன. கேட்க வேண்டாம், சீட்டைப் படி. நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாரும் ஒரே வேஷத்தில் வந்து, சீட்டையும் நகலெடுத்து நிரப்பினால், மறுபடியும் தொட்டுப் பார்க்கும் இடத்துக்கே வந்து சேர்கிறோம்.

மோடம் மேனேஜர் எழுதியவர்களும் இந்தப் புகாரைக் கேட்காமல் இல்லை. முதலில் ‘இவற்றைத் தொடாதே’ என்று ஒரு பட்டியல் வைத்தார்கள். பிறகு ‘கேட்டால் மட்டும் தொடு’ என்று இன்னொரு பட்டியல். உலகத்தில் மோடம் அல்லாத எல்லாவற்றையும் பட்டியல் போட்டு முடியுமா? குற்றமற்றவர்கள் எல்லாரும் பெயர் பதிய வேண்டும் என்கிற சட்டம் அது. கடைசியில் கொள்கையையே மாற்றினார்கள். இப்போது இயல்பாக இருக்கும் ‘ஸ்ட்ரிக்ட்’ கொள்கையின்படி, மோடம் என்று சொல்ல ஏதாவது ஒரு அடையாளம் இருந்தால்தான் தொடும். இது சரியான திருப்பம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஏடி பேசுவேன் என்று சீட்டில் எழுதியிருப்பதும் அந்த அடையாளங்களில் ஒன்று. அதனால் மாமாவின் தராசுக்கு இந்தத் திருத்தத்தால் பலன் இல்லை.

நான் செய்த தப்பு

இனி என் கதை. அன்று ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி. ஏழு மணிக்கு பஸ். மோடம் மேனேஜர்தான் காரணம் என்று தெரிந்ததும், எல்லாரும் எழுதிவைத்திருக்கும் வைத்தியத்தைச் செய்தேன்: மோடம் மேனேஜரைக் கழற்று. ஒரே வரிக் கட்டளை. படிக்கல்லை வைத்துச் சோதித்தேன், தராசு அசையவில்லை. மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பையனையும் கூப்பிட்டுச் சொன்னேன். கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன். "மாப்ள, நெட்டு வரமாட்டேங்குது. மொத்தக் கடைக்கு ஆர்டர் அனுப்போணும், ஆடிட்டர் வேற ஜிஎஸ்டி கணக்குக் கேட்டிருக்காரு."

அந்த டாங்கிளை நெட்டில் சேர்த்துக்கொண்டிருந்தது மோடம் மேனேஜர்தான். சில டாங்கிள்கள் தங்களை நெட்வொர்க் கேபிள் மாதிரி காட்டிக்கொள்ளும், அவற்றுக்கு இது தேவையில்லை. மாமாவுடையது அந்த ரகம் இல்லை. ஞாயிறு சாயங்காலம் நெட் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. தராசை மட்டும் பார்த்தேன். மோடம் மேனேஜர் தன் வேலையை மட்டும் பார்த்த மாதிரி, நானும் என் வேலையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

‘கழற்றிப் போடு’ என்ற அறிவுரையின் குறை இதுதான். அதைச் சொல்பவருக்கு டாங்கிள் இல்லை. அதனால் அவர் சொன்னது அவருக்கு முழு உண்மை. ‘எனக்குத் தேவையில்லை’ என்பது இரண்டு பேர் கை மாறியதும் ‘யாருக்கும் தேவையில்லை’ என்று ஆகிவிடுகிறது.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்திருக்கிறது. 2022-இல் வந்த உபுண்டு 22.04-இல், சிஎச் 340 என்ற மலிவான சில்லு உள்ள பலகையை மாட்டினால் போர்ட் தோன்றி உடனே மறைந்துவிடும். காரணம் பிரெல்டிடிஒய் என்ற மென்பொருள். பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் திரையை லினக்ஸோடு இணைப்பது அது. 1995-இலிருந்து எழுதப்பட்டு வருகிறது. ஒரு பிரெய்ல் கருவிக்குள்ளும் அதே சில்லு, அதே எண். எண்ணைப் பார்த்து, பிரெய்ல் திரை வந்துவிட்டது என்று பிடித்துக்கொண்டது. இதற்கும் அதே வைத்தியம்தான் பரவியது: கழற்றிப் போடு. வீட்டில் தனியாகப் பலகை வைத்து விளையாடுகிறவருக்குச் சரி. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது கம்ப்யூட்டரிலும் ஒரே மூச்சில் இதைச் செய்தால், அடுத்த வருஷம் அங்கே சேரும் பார்வையற்ற மாணவர் தன் பிரெய்ல் திரையை மாட்டிப் பார்த்துவிட்டு என்ன நினைப்பார்? கருவி கெட்டுவிட்டது என்றுதான். அதைக் கழற்றியது யார், ஏன் என்று அங்கே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

செய்திருக்க வேண்டியது

திங்கள் காலையே போனில் டாங்கிளுக்குப் பதிலாக மாமாவின் செல்போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கச் சொல்லி, அதன் வழியாக நுழைந்து, மோடம் மேனேஜரைத் திரும்ப நிறுவினேன். பிறகு முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இதே சிக்கலில் இருப்பவர்களுக்காக வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில், சந்தேகத்தை உறுதி செய்யுங்கள். மோடம் மேனேஜரைக் கழற்ற வேண்டாம், தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் சாதனத்தைச் செருகிப் பாருங்கள். தொல்லை போய், மறுபடி துவக்கினால் தொல்லை திரும்பி வந்தால், காரணம் அதுதான். ஒரு தடவை வந்து போவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது, அந்தக் கம்ப்யூட்டரில் சிம் போட்ட எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். டாங்கிள் மேஜை மேலே இல்லாமல் இருக்கலாம், டிராயரில் இருக்கலாம். வைத்திருப்பவரிடமே கேளுங்கள்.

மூன்றாவது, அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். லினக்ஸில் யூடெவ் விதி என்று ஒரே வரி. இந்தக் கம்பெனி எண், இந்த மாடல் எண் உள்ள சாதனம் வந்தால், ‘ஐடி எம்எம் டிவைஸ் இக்னோர்’ என்ற குறியை 1 என்று வை. அவ்வளவுதான். மோடம் மேனேஜர் அந்தக் குறியைப் பார்த்ததும் ஒதுங்கிப்போய்விடும். விதியை எழுதியபின் சாதனத்தைக் கழற்றி மாட்ட மறக்காதீர்கள்.

நான்காவது, ஒரே டாங்கிள், பல கருவிகள் என்று இருக்கும் இடமானால் தலைகீழாகச் செய்யலாம். ‘அனுமதித்ததை மட்டும் தொடு’ என்ற கொள்கையில் மோடம் மேனேஜரை ஓடவிட்டு, டாங்கிளுக்கு மட்டும் அனுமதிக் குறி வைக்கலாம். நாளைக்குப் புதிதாக ஒரு கருவி வாங்கினாலும் பயமில்லை. டாங்கிளை மாற்றினால் குறியையும் மாற்ற வேண்டும், அது ஒரு சிரமம்.

ஐந்தாவது, தராசோ மீட்டரோ செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: அந்தக் கட்டத்தில் 0 போடுங்கள். ‘டி’ என்ற ஒற்றை எழுத்துக்கு எடையைக் கழித்துவிடும் வழக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். வருஷா வருஷம் முத்திரை வாங்குகிற ஒரு கருவி, யாரோ போகிறபோக்கில் சொன்ன ஒரு எழுத்தை நம்பி எடையை மாற்றலாமா?

மோடம் மேனேஜர் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம், ஞாபகம். ஒரு தடவை ‘இல்லை’ என்று பதில் வந்த சாதனத்தை எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த தடவை பயனரைக் கேட்டுவிட்டுத் தொட்டால், இந்தத் தொல்லையில் பாதி முதல் நாளோடு முடிந்துவிடும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். என் பில் நிரலில் ஒரு வரி இருக்கிறது: துவங்கியவுடன் தராசைத் திறக்காதே, முப்பது விநாடி பொறுத்துத் திற. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது. அப்போதே ‘சாதனம் வேலையாக இருக்கிறது’ என்று பிழை வந்தது. வேறு யார் அதை வேலை வாங்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. முப்பது விநாடி தூங்கவைத்து, பிழை போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். அன்றைக்குப் பத்து நிமிஷம் தேடியிருந்தால் இந்த ஐப்பசியில் ஒரு பையன் திருடன் பட்டம் வாங்கியிருக்க மாட்டான். அந்த முப்பது விநாடியை இப்போது எடுத்துவிட்டேன்.

பையன் இன்னும் கடையில்தான் இருக்கிறான். மாமா அவனிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. தீபாவளிக்குச் சம்பளத்தோடு ஒரு ஜோடித் துணி எடுத்துக் கொடுத்ததாக அத்தை சொன்னார். யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியும் போட்டாயிற்று. ஆனாலும் கரண்ட் போய் வந்தால், பையன் இன்னமும் தட்டில் இருப்பதை இறக்கிவிட்டு, படிக்கல்லை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த எடை போடுகிறானாம்.